பதினோராவது பொத்தான்

1

ஆலங்காயத்தில் என் பெயரை அடித்துவிட்டார்கள்.

வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வீடு வீடாக வந்த அங்கன்வாடி டீச்சர், எங்கள் வீட்டு வாசலில் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார். என் பெயர் வந்தபோது அக்கா சொன்னாளாம்: "அவன் அமெரிக்காவுல கீறான்மா. அந்த ஊரு குடிமகனாயி ஒம்போது வருஷம் ஆவுது."

"இத்தினி வருஷமா ஏங்க சொல்லல?"

"யாரும் கேக்கல. நாங்களும் சொல்லல."

நீக்குவதற்குக் காரணம் குறிக்க வேண்டும். இறந்தவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர், நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்று கட்டங்கள். டீச்சர் கடைசிக் கட்டத்தில் டிக் போட்டதை அக்கா போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தாளின் ஓரத்தில் என் பழைய புகைப்படம். மை பரவி, மீசை மட்டும் தெரிந்தது.

சட்டப்படி என்றைக்கோ போயிருக்க வேண்டிய பெயர்தான். இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முப்பது வயதில் போட்ட கையெழுத்தை நாற்பத்தைந்து வயதில் ஒரு வெள்ளைத்தாளில் போட்டுப் போட்டுப் பழகினேன். கடைசியில் அட்டையின் மூலையை வெட்டி, ரத்து முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுக்குப் பிறகும், போன சட்டமன்றத் தேர்தலில் எனக்கு பூத் சிலிப் வந்தது.

அந்தத் தேர்தலைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஆலங்காயத்துக்காரர்கள் சிலருக்குத் தெரிந்த கதை. அதில் என் பங்கு என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது.

2

முதலில் இந்த ஊர்த் தேர்தல்.

நான் மிச்சிகனில் இருக்கிறேன். வாணியம்பாடித் தோல் தொழிற்சாலையில் கற்ற வேலைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. கார் இருக்கைக்குப் போகிற தோல்களை விளக்கடியில் விரித்து, உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு என்று பார்த்துத் தரம் பிரிப்பேன். மேஜையின் இந்தப் பக்கம் போனால் இருக்கை, அந்தப் பக்கம் போனால் கழிவு. இருபத்து மூன்று வருடமாக இதே வேலை.

இங்கே அதிபர் தேர்தல் சீட்டில் பல பெயர்கள் இருக்கும். ஆனால் ஜெயிக்கக்கூடியவை முதல் இரண்டுதான். மற்றவை ஏன் அச்சாகின்றன என்று யாரும் கேட்பதில்லை. போன அதிபர் தேர்தல் என் மகள் மீராவுக்கு முதல் ஓட்டு. பத்தொன்பது வயது. வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். ஓட்டுப் போடுவதற்காகவே மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்தாள்.

அவளுடைய அறைத்தோழியின் சொந்தக்காரர்கள் ஒரு போரில் மாட்டிக்கொண்டவர்கள். ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண்ணுக்கு ஒரு சாவுச் செய்தி வந்துகொண்டிருந்தது. இரண்டு பெரிய வேட்பாளர்களுமே அந்தப் போருக்கு ஆயுதம் அனுப்புவதை நிறுத்துவேன் என்று சொல்லவில்லை. மூன்றாவதாக நின்றவர் சொன்னார். மீராவுக்கு அவ்வளவுதான் கணக்கு.

ஓட்டுச்சாவடிக்குப் போகும்போது காரில் கேட்டாள்: "அப்பா, உங்க ஓட்டையை யாருக்குப் போடுவீங்க?"

"ஓட்டைன்னா துவாரம்மா. ஓட்டுன்னு சொல்லு."

"சரி, ஓட்டு. மூணாவது பேருக்குப் போடுங்க. ப்ராமிஸ்?"

"அவர் ஜெயிக்கப்போறதில்லையே மீரா. நம்ம மாநிலத்துல நூலிழைல முடியும்னு சொல்றாங்க. நாம அங்க போட்டா, ரெண்டுல மோசமான ஆள் வந்துடுவார்."

அதற்கு மேல் அவள் தமிழ் போதாமல் ஆங்கிலத்துக்குப் போனாள். அவள் சொன்னது இதுதான்: பயந்து ஒரு முறை போட்டால் எப்போதும் பயந்தே போட வேண்டியிருக்கும். அவர்களுக்கு நம் பயம் தெரியும். அது தெரிந்திருக்கும்வரை அவர்கள் நமக்கு எதுவும் செய்யத் தேவையில்லை.

காரை நிறுத்திவிட்டு உள்ளே போனோம். பள்ளிக்கூட விளையாட்டு அறையில் மடக்கு மேஜைகள் போட்டிருந்தார்கள். அட்டைத் தடுப்புக்குள் நின்று, பேனாவால் ஒரு முட்டை வடிவக் கட்டத்தை நிரப்ப வேண்டும். மூன்றாவது பெயரின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அந்த மாதம் மளிகைக் கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர், "உன் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அன்றிலிருந்து குடியுரிமைச் சான்றிதழின் நகல் ஒன்றைக் காரில் வைத்திருந்தேன்.

பேனாவை மேலே நகர்த்தினேன். இரண்டு பெரியவர்களில் யாரைக் கண்டு எனக்குப் பயம் குறைவோ அவருக்கு நேரே கட்டத்தை நிரப்பினேன். அவர் யார், ஜெயித்தாரா என்பதெல்லாம் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

வெளியே மீரா சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு காத்திருந்தாள். என் சட்டையிலும் ஒன்றை ஒட்டிவிட்டு, இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தாள்.

"மூணாவதா?"

"ம்" என்றேன்.

கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பதினைந்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

3

அடுத்த ஒரு வருடத்தில் மீரா தன் தோழிகளிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வாள் என்பதை அவர்கள் வீட்டுக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன். "இவர்தான் அந்த அப்பா" என்று அறிமுகப்படுத்தினாள். நான் தேநீர் போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, எலெக்‌ஷன்ல நிக்கலாம்னு கீறேன். சுயேச்சையா. நீ இன்னா நெனக்கற?"

என் அக்கா கோமதி, கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கத்து ஊர்களில் நர்சம்மா என்றால் அவள்தான். ஓய்வு பெற்ற பிறகும் போன் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். மாமா தணிகாசலம் உரக்கடை வைத்திருக்கிறார். "கவர்மெண்ட்டே போதும்னு அனுப்பிட்டாங்க, இவ போதும்னு ஒக்கார மாட்டேங்கறா" என்பார்.

மலைமேல் ஒரு ஓடை இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் நான்கு ஊர்கள். கோடையில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம். ஐப்பசி மழையில் மாட்டையே உருட்டிக்கொண்டு போய்விடும். பாலம் கட்டித் தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் இரண்டு பெரிய கட்சிகளும் சொல்லும். தொகுதியில் எத்தனை பேர் நின்றாலும் ஜெயிப்பது இந்த இரண்டில் ஒன்றுதான். இவர் ஒரு முறை, அவர் ஒரு முறை. அப்போது பதவியில் இருந்த எம்.எல்.ஏ. ஆறு தூண்கள் எழுப்பினார். அதற்குமேல் நின்றுவிட்டது. நான்கு வருடமாகத் தூண்கள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

தேர்தலுக்கு முந்தைய மழையில் சின்னப்பாப்பா என்ற அந்தக் கரைப் பெண்மணியின் மருமகளுக்குத் தலைப்பிரசவம். டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். ஓடை நிறைந்து ஓடியது. அக்கா இந்தக் கரையில் பையோடு நின்றாள். நடுவில் தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அந்தக் கரையிலிருந்து சின்னப்பாப்பா என்ன நடக்கிறது என்று கத்திச் சொல்ல, இந்தக் கரையிலிருந்து அக்கா என்ன செய்ய வேண்டும் என்று கத்தியிருக்கிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. குழந்தை பிழைத்தது. தாய் அங்கேயே போய்விட்டாள்.

"ரெண்டு பேருக்கும் போட்டுப் பாத்தாச்சி" என்றாள் அக்கா போனில். "இனிமே அவங்களுக்குப் பயம் வந்தாத்தான் பாலம் வரும். ஜெயிக்கறதுக்கு இல்லடா. மலை ஓட்டு அவங்க பாக்கெட்டுல இல்லன்னு தெரியணும், அதுக்குத்தான்."

இதைத்தான் மீரா காரில் வேறு மொழியில் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அது அக்காவை நினைத்தா, அட்டைத் தடுப்புக்குள் நின்ற என்னை நினைத்தா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

"நில்லுக்கா. கண்டிப்பா நில்லு. நான் லீவு போட்டுட்டு வர்றேன்."

4

வந்தேன். ஏப்ரல் வெயில். பெங்களூரில் இறங்கி வாணியம்பாடிக்கு ரயில், அங்கிருந்து ஆலங்காயம் பஸ். நடத்துனரிடம் சில்லறை கொடுக்கும்போது "தேங்க் யூ" என்று வந்துவிட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ஊரு சார் நீங்க?" என்றார். ஆலங்காயம் என்று சொன்னதை அவர் நம்பவில்லை.

வீட்டில் கால் வைத்ததும் மாமா சொன்னார்: "மச்சான், பிரச்சார வண்டில மட்டும் ஏறாதீங்க. வெளிநாட்டுக்காரர் ஓட்டு கேக்கறாருன்னு எவனாச்சும் எழுதிப் போட்டுட்டான்னா, உங்களுக்கும் வம்பு, இவளுக்கும் வம்பு."

அது சரிதான். நான் விசாரித்ததிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே எனக்கு வேலை எதுவும் இல்லை.

வேட்புமனுவைத் திரும்பப் பெறுவதற்குக் கடைசி நாள். காலை பதினோரு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பதவியில் இருந்தவரின் கட்சி ஒன்றியச் செயலாளர். ஊரில் அவரை 'ஒன்றியம்' என்றே கூப்பிடுவார்கள். தனியாக வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க மலைக்கு செஞ்சது யாருக்குத் தெரியாது? எங்க வூட்டுப் பொண்ணு பிரசவமே நீங்க பாத்ததுதான். அதனாலதான் வந்தேன்."

"சொல்லுங்க" என்றாள் அக்கா.

"மலை ஓட்டு எங்களுக்கு விழுற ஓட்டு. நீங்க நின்னா அது உங்களுக்கு வரும். ஆனா நீங்க ஜெயிக்கற அளவுக்கு வராது. நாங்க தோக்கற அளவுக்கு மட்டும் வரும்."

"தூண நட்டு நாலு வருஷம் ஆவுதுங்க. மேல ஒரு பலக போடல."

"கான்ட்ராக்டர் கேஸ் போட்டுட்டான். இப்ப முடிஞ்சிடுச்சி. ஜெயிச்ச ஆறு மாசத்துல தளம் போட்டுடுவோம். எழுதித் தர்றேன். தலைவரே கையெழுத்து போடுவாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்காளு பெரிய யோக்கியன்னு நான் சொல்லல. ஆனா தூணு அவரு நட்டது. அடுத்தவன் வந்தா, அவரு நட்ட தூணு மேல இவன் பாலம் போடுவானா? யோசன பண்ணுங்க. மூணு மணி வரைக்கும் டைம் கீது. நான் கார்ல ஒக்காந்துனு இருக்கேன். தாலுகா ஆபீசுக்கு நானே கூட்டினு போய்ட்டு கூட்டினு வந்து உட்டுடறேன்."

அவர் வெளியே போனதும் மாமா சொன்னார், "வாபஸ் வாங்கிடு கோமதி. அந்தாளு பேசறதுல ஞாயம் கீது. எழுதி வாங்கிக்கலாம். நீ நின்னதாலதானே இன்னிக்கி வாசலுக்கு வந்தான்? அதுவே ஜெயிச்ச மாதிரிதான்."

"எழுதித் தர்றது எத்தினி பாத்தாச்சி" என்றாள் அக்கா. ஆனால் குரலில் உறுதி இல்லை. அறைக்குள் இரண்டு முறை நடந்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ இன்னா சொல்ற தம்பி? உங்க ஊர்லயும் ரெண்டே கட்சிதான்னு சொல்லுவியே. அங்க மூணாவது ஆளுக்குப் போடறவங்க இன்னா நெனச்சிப் போடறாங்க?"

அந்த நேரத்தில் எனக்கு எது தோன்றியதோ அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மாமா சொல்வது சரியாகக்கூட இருக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். நான் மீராவின் வார்த்தைகளை எடுத்து, என்னுடையவை போல, நல்ல தமிழில் சொன்னேன். பயந்து ஒரு முறை போட்டால் எப்போதும் பயந்தே போட வேண்டியிருக்கும். நம் பயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்வரை அவர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.

"நீ அப்பிடித்தான் போட்டியா?"

"நாங்க வூட்டோட அப்பிடித்தான் போட்டோம்கா."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு வெளியே போய்க் காரின் ஜன்னல் அருகே குனிந்து, "மன்னிச்சிக்குங்க. நான் வரல" என்றாள்.

ஒன்றியம் கோபப்படவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

5

அவளுக்கு வாளிச் சின்னம் கிடைத்தது. ஓட்டு இயந்திரத்தில் பதினோராவது இடம். ஒரு மினி வேனை வாடகைக்கு எடுத்து, ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, மலைப்பாதையில் தினமும் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து வாளிப் படத்தை அட்டையில் ஒட்டினேன். அதுகூடப் பிரச்சாரம் ஆகுமா என்று ஒரு நாள் சந்தேகம் வந்து நிறுத்திவிட்டேன்.

ஒரு மதியம் சின்னப்பாப்பா மலையிலிருந்து இறங்கி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஒரு பை நிறையச் சாமை கொண்டுவந்திருந்தாள்.

"ஊருக்குள்ள பேசிட்டோம்மா" என்றாள் அக்காவிடம். "நாலு ஊரும் உனக்குத்தான். அவங்க ஆளுங்க வந்து, எங்க தூணுக்குத் துரோகம் பண்றீங்களான்னு கேட்டாங்க. தூணு யாருக்கு வேணும், எங்களுக்கு நர்சம்மா சொன்னாப் போதும்னு சொல்லிட்டேன்."

"பயமா இல்லையா?" என்று நான் கேட்டேன்.

"இருக்குது சாமி. அவங்க ஜெயிச்சிட்டா நூறு நாள் வேல குடுப்பாங்களோ மாட்டாங்களோ. ஆனா இது சொல்லுதே, சும்மாவா சொல்லும்?" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டுப்பதிவு அன்று எனக்கு வந்த பூத் சிலிப்பை மாமா மேஜையில் வைத்திருந்தார். எனக்கு அந்த ஓட்டு இல்லை. எல்லாரும் விரலில் மையோடு திரும்பி வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொண்டேன். பதினோராவது பொத்தான் கொஞ்சம் கெட்டியாக இருந்தது, அழுத்தி அமுக்க வேண்டியிருந்தது என்று அக்கா சிரித்தாள். அந்த மூன்று வாரங்களில் அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் கிளம்பிவிட்டேன்.

6

ஓட்டு எண்ணிக்கை முடிந்தபோது எனக்குக் காலை. தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்தில், ஷிப்ட் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. மாமா கூப்பிட்டார். அவர் என்னைக் கூப்பிடுவது அபூர்வம்.

"முடிஞ்சிது மச்சான். எதிர்க்கட்சி ஆளு ஜெயிச்சிட்டான்."

"அக்காவுக்கு எவ்வளவு?"

"ஆயிரத்துச் சொச்சம். டெபாசிட் போச்சி. அது போவட்டும். ஜெயிச்சவனுக்கும் தோத்தவனுக்கும் நடுவுல எழுநூறுகூட இல்ல. நம்ம ஓட்டுதான் அது. ஊரே சொல்லுது."

"அக்கா எங்க?"

"படுத்துனு கீறா. பேச மாட்டேன்றா."

அன்று நான் தரம் பிரித்த தோல்களில் பலவற்றை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். தழும்பு இருந்ததை நான் பார்க்கவில்லை.

ஒன்றியம் சொன்னது அப்படியே நடந்தது. புதிதாக வந்தவர் பாலத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய வேலையின் தரத்தைச் சோதிக்க வேண்டும் என்றார். யாரோ வந்து தூண்களில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போனார்கள். பிறகு பாலத்தையே இரண்டு மைல் தள்ளி, வேறு இடத்தில் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. அங்கே யாருக்கு நிலம் இருக்கிறது என்று மாமா சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

மீராவிடம் அத்தை தோற்றதைச் சொன்னேன். "தோக்கலை அப்பா. ஆயிரம் பேர் பயப்படலை" என்றாள். ஒலிபெருக்கியோடு நின்ற அக்காவின் படத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். மீராவுக்கும் அத்தைக்கும் இடையில் அதற்கு முன் என் போன் வழியாகச் சொல்லும் பிறந்தநாள் வாழ்த்துக்கு மேல் பேச்சு இருந்ததில்லை.

நான் ஞாயிறுதோறும் ஊருக்குப் பேசினேன். வெயில், உர விலை, மாமாவின் முட்டிவலி. தேர்தல் பக்கம் பேச்சு போனால் இருவருமே விலகிக்கொண்டோம்.

7

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடுவதற்கு முன்பே அக்கா கூப்பிட்டாள்.

சின்னப்பாப்பாவின் இளைய மகளுக்குப் பிரசவ வலி. அக்காவுக்கு யாரும் போன் செய்யவில்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுனர் உரக்கடைப் பக்கம் நிறுத்தியபோது சொல்லித்தான் தெரிந்தது. மாமாவின் வண்டியில் பையோடு மேலே போயிருக்கிறாள். அவள் போவதற்குள் ஆண்கள் கயிறு கட்டி, இடுப்பளவு தண்ணீரில் டோலியைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"நான் கிட்டப் போனேன்டா. யாரும் நிக்கல. என்னத் தாண்டித் தூக்கினு போய் ஆம்புலன்சுல வெச்சாங்க. நான் பையப் புடிச்சினு நிக்கறேன். முப்பது வருஷத்துல அவங்க என்னத் தாண்டிப் போனதே இல்ல."

"பிரசவம்?"

"ஆச்சி. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க." மூக்கை உறிஞ்சினாள். "சின்னப்பாப்பா கடைசில வந்தா. திட்டுவான்னு பாத்தேன். திட்டல. நீ சொன்னியேன்னு போட்டோம்மா, இன்னாத்துக்குப் போட்டோம்னு மட்டும் சொல்லு, ஊர்ல என்னக் கேக்கறாங்க, பதில் சொல்லணும்னு கேட்டா."

மழைச் சத்தம் போனிலேயே கேட்டது.

"அதான் உன்னக் கேக்கறேன். நீ மூணாவது ஆளுக்குப் போட்டியே. உங்க ஊர்லயும் நெருக்கத்துலதானே முடிஞ்சிது? உன்னையும் கேட்டிருப்பாங்க இல்ல, உன்னாலதான்னு? அப்ப நீ இன்னா பதில் சொன்ன? நல்லதா ஒண்ணு சொல்லியிருப்ப. அத எனக்குச் சொல்லு. நான் போய் அவளுக்குச் சொல்றேன்."

அவள் குற்றம் சாட்டியிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் நம்பிக் கேட்டாள்.

"அக்கா, நான் போடல."

"இன்னா?"

"மூணாவது ஆளுக்குப் போடல. ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் போட்டேன். பயந்துட்டேன்."

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மீரா?"

"அவ போட்டா. நானும் போட்டேன்னு நெனச்சினு கீறா."

"பயந்து போட்டதுல ஒண்ணும் தப்பில்லடா" என்றாள் கடைசியில். "சின்னப்பாப்பாவே அத்தினி வருஷம் பயந்துதான் போட்டா. அன்னிக்கி நீ அத சொல்லியிருந்தன்னா நான் அந்தக் கார்ல ஏறியிருப்பேன். ஏறியிருப்பேனா, தெரியல. ஆனா தெரிஞ்சி முடிவு பண்ணியிருப்பேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"மீரா நம்பர அனுப்பு" என்றாள்.

"எதுக்குக்கா?"

"அவதானே போட்டவ? அவளக் கேக்கறேன்."

அனுப்பினேன். அனுப்பாமல் இருக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை. மீராவிடம் நானே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு மூன்று முறை போன் செய்தேன். அவள் வேறு அழைப்பில் இருந்தாள். ஒரு மணி நேரம் அழைப்பிலேயே இருந்தாள். பிறகு தமிழ் எழுத்தில் ஒரு செய்தி வந்தது: "அத்தை சொன்னாங்க." அவள் எனக்குத் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பிய முதல் செய்தி அதுதான். அதற்கு நான் எழுதிய நீண்ட பதிலைப் படித்துவிட்டாள் என்று திரை காட்டியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மாமாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறாள். மாமாதான் சொன்னார், உங்கள் மகளும் இவளும் வாரம் ரெண்டு தடவை பேசிக்கொள்கிறார்கள், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், எப்படித்தான் புரிகிறதோ என்று. அக்கா திரும்பவும் மலைக்குப் போயிருக்கிறாள். சின்னப்பாப்பாவின் வீட்டில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிவிட்டு வந்தாளாம்.

"இன்னா பதில் சொன்னாளாம் மாமா?" என்று கேட்டேன்.

மாமா போனைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே கேட்டார். அக்காவின் குரல் தூரத்தில் கேட்டது, வார்த்தை புரியவில்லை. மாமா திரும்பி வந்தார்.

"அது அவங்களுக்குள்ளயாம் மச்சான்" என்றார். "நீங்க சாப்ட்டீங்களா?"